பின்வரிசைப் பெட்டியைக் காக்க வைத்த கதை

"தம்பி, ஒருத்தரு பேசுதாரா, ரெண்டு பேரு பேசுதாங்களா?"

போன சித்திரையில் பக்கத்து ஊர் அம்மன் கோவில் கொடை. பட்டிமன்றம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கைகாட்டி அழைத்துக் கேட்டது இது. கிண்டல் இல்லை, அவருக்கு உண்மையிலேயே சந்தேகம். மேடையில் நடுவர் ஒருவர்தான் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் பக்கத்தில் போய் நின்று காதைக் கொடுத்தேன். எனக்கும் இரண்டு நடுவர்கள் கேட்டார்கள்! எங்களுக்கு அருகில் நட்டிருந்த பெட்டியில் ஒருவர், தூரத்து மேடையில் இன்னொருவர். பெட்டிக்காரர் ஒரு எழுத்து முந்திப் போய்க்கொண்டிருந்தார். மேடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்து அதையே மறுபடி சொன்னார். இரண்டும் மோதிக்கொண்டதில் நடுவரின் நகைச்சுவைக்கு முன்வரிசை சிரித்தது, பின்வரிசை திருதிருவென்று முழித்தது.

அதில் வெட்கக்கேடு என்னவென்றால், அப்படி ஆகக் கூடாது என்பதற்காகவே ஒரு கருவியை வாங்கி வந்து, அன்றுதான் முதன்முதலாக மாட்டியிருந்தேன்.

மாமா நாற்பது வருடமாக மைக் செட் வைத்திருக்கிறார். அம்மாவுடன் பிறந்தவர். எனக்கு வாரநாளில் வேறு வேலை. கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று சனி ஞாயிறுகளில் அவருடன் வண்டி ஏறிவிடுவேன். அவர் தொழில் தொடங்கிய காலத்தில் குழாய் ஒலிபெருக்கிதான் எல்லாமே. கோவில் வாசலிலிருந்து ஊர் எல்லை வரை விளக்குக் கம்பத்துக்கு ஒன்றாகக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே வயரில் கோத்து ஒரே ஆம்ப்ளிஃபயரில் கொடுத்துவிட வேண்டியது. ஆடி மாதம் எல்.ஆர். ஈஸ்வரியின் ஒரே குரல் நாலு தெருவில் நாலு தடவை கேட்கும். சின்ன வயதில் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தூங்கப் போகும்போது பாட்டு அலையலையாக வரும். வரிகள் புரியாது, ஆனால் கொடை நடக்கிறது என்பது புரியும். பாட்டுக்கு அது போதும். பட்டிமன்றத்துக்கோ வார்த்தை புரிய வேண்டும்.

எதனால் இந்தக் குழப்பம் என்பது எங்கள் பக்கத்து ஆள்களுக்குப் படிக்காமலே தெரியும். தாமிரபரணிப் படித்துறையில் நின்று அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். துணி கல்லில் விழுந்து, கை மறுபடி மேலே போன பிறகுதான் 'டப்' என்று கேட்கும். ஒலிக்கு நேரம் பிடிக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் வினாடிக்கு 343 மீட்டர். நம் ஊர் மாலை நேரத்து 30 டிகிரியில் ஏறத்தாழ 349 மீட்டர். மீட்டருக்கு மூன்று மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொண்டால் மைதானத்தில் நின்றபடியே மனக்கணக்குப் போடலாம்.

மின்சாரத்துக்கு அந்த நடை கிடையாது. மேடைப் பெட்டியிலிருந்து 60 மீட்டர் தள்ளி நட்ட பெட்டிக்கு வயர் வழியே போகிற சிக்னல், நம் காதின் கணக்கில், போன உடனே போய்விட்டது. அதே குரல் மேடைப் பெட்டியிலிருந்து காற்றில் கிளம்பி அந்த 60 மீட்டரைக் கடக்க 172 மில்லிசெகண்ட் எடுக்கிறது. பட்டிமன்றப் பேச்சாளர் சூடு பிடித்தால் வினாடிக்கு ஐந்தாறு எழுத்தாவது கொட்டுவார். ஆக, 172 மில்லிசெகண்ட் என்றால் ஒரு முழு எழுத்து. ஒருவர் 'கண்' என்னும்போது இன்னொருவர் 'ணகி' என்பார். பின்வரிசைக்கு அதுதான் கேட்கும்.

பின்னால் பெட்டியே வைக்காமல் மேடைப் பெட்டியையே உரக்க வைத்தால் என்ன? மாமா பல வருடம் அப்படித்தான் சமாளித்தார். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் விழும். 5 மீட்டரில் உட்கார்ந்தவருக்கும் 60 மீட்டரில் உட்கார்ந்தவருக்கும் வித்தியாசம் 21 டெசிபலுக்கு மேல். கடைசி ஆளுக்குத் தெளிவாகக் கேட்க வைத்தால் முதல் வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளும். மைதானத்துக்கு வெளியே வீட்டில் படுத்திருக்கும் நோயாளியும் சேர்ந்து அவதிப்படுவார். ஆகவே நடுவில் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி தன் முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டும். காக்க வைக்கிற வேலைக்குத்தான் டிலே யூனிட்.

மைக் செட் உலகத்தில் 'டிலே' என்று சொன்னாலே ஒரு தவறான புரிதல் வரும். நான் முதலில் விசாரித்த கடையில், "எக்கோதானே சார், மிக்ஸர்லயே இருக்கே" என்றார்கள். எக்கோ வேறு. தாமதமாக்கிய ஒலியில் கொஞ்சத்தை எடுத்து மறுபடி உள்ளே விட்டு, அது தேய்ந்து தேய்ந்து திரும்பத் திரும்ப வருவது எக்கோ. பாட்டுக் கச்சேரிக்காரர்களின் பிள்ளை. எனக்கு வேண்டியதோ உள்ளே போனதை, போனது போலவே, ஒரே ஒரு தடவை, சொன்ன நேரம் கழித்து வெளியே விடுகிற பெட்டி. கடைசியில் பழைய ஒலிச் சாமான்கள் வாங்கி விற்கும் ஒருவரிடம் கிடைத்தது. ஓர் அலமாரித் தட்டு உயரம்கூட இல்லாத தகரப் பெட்டி. இரண்டு உள்ளீடு, இரண்டு வெளியீடு, ஒவ்வொரு சானலுக்கும் 650 மில்லிசெகண்ட் வரை. முன்பக்கம் ஒரு சின்ன எண் திரை, ஒரு திருகு, நாலைந்து பொத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று மாமா கேட்டார். கொடையில் வைத்துக் கேட்டதால் எதிரில் இருந்த ராட்டினத்தையே காட்டினேன். உள்ளே வருகிற ஒலியை அந்தக் கருவி வினாடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாக்குகிறது. ஒவ்வொரு எண்ணும் ராட்டினத்தின் ஒவ்வொரு தொட்டியில் ஏறுகிறது. ஏறுமிடத்தில் ஒருவன் நிற்கிறான், இறக்கிவிடுமிடத்தில் ஒருவன். இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனை தொட்டி இருக்கிறதோ அத்தனை தாமதம். 172 மில்லிசெகண்டுக்கு 8,256 தொட்டி. நாம் திருகும்போது இறக்கிவிடுகிறவனை இடம் மாற்றி நிறுத்துகிறோம், அவ்வளவுதான். நிகழ்ச்சி ஓடும்போது திருகினால் 'டிக்' என்றோ 'கீச்' என்றோ சத்தம் வருவதும் இதனால்தான். இறக்குகிறவன் திடீரென்று நாலு தொட்டி தாவினால் நடுவில் இருந்தவர்கள் கதி என்ன? அதனால் மாற்ற வேண்டுமென்றால் அந்தச் சானலை ஊமையாக்கிவிட்டுத்தான் மாற்றுவேன்.

"இவ்வளவு கண்டுபிடிப்பும் சும்மா காக்க வைக்கவா?" என்றார் மாமா.

சும்மா காக்க வைப்பதற்கு ஆள்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் ஒரு கைதட்டல் அடங்கப் பத்து வினாடிக்கு மேல் ஆகும். அங்கே பிரசங்கம் புரிய வேண்டும் என்று 1950களின் தொடக்கத்தில் பார்கின், டெய்லர் என்ற இருவர் நெடிய தூண் ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் அதன் தூரத்துக்கேற்ப தாமதப்படுத்தினார்கள். அப்போது எண்ணாக்கும் சில்லு ஏது? விளிம்பில் காந்தப் பூச்சு பூசிய ஒரு சக்கரம் சுழலும். ஓரிடத்தில் பதிவு செய்யும் ஹெட். சுற்றுவழியில் சற்றுத் தள்ளித் தள்ளிப் படிக்கும் ஹெட்டுகள். என் ராட்டினமேதான், இரும்பில். 1971இல் லெக்சிகன் நிறுவனத்தின் டெல்டா டி-101 வந்த பிறகுதான் எண்முறைத் தாமதக் கருவி விற்பனைக்கு என்று கிடைத்தது. இரண்டே வருடத்தில், 1973 ஜூலை 28 அன்று, நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் கார் பந்தய மைதானத்தில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் கூடிய ராக் கச்சேரியில் நடுவில் கோபுரங்கள் நட்டு, எண்முறைத் தாமதக் கருவிகள் வழியே ஒலி கொடுத்தார்கள். நம் ஊரில் குழாயை வேப்பமரத்தில் கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

சரி, என் கதைக்கு வருகிறேன். அன்று நான் என்ன தப்பு செய்தேன்?

மேடைப் பெட்டியிலிருந்து பின்பெட்டி வரை டேப் பிடித்து அளந்தேன். சரியாக 60 மீட்டர். பெட்டியிலிருந்து பெட்டிக்குத்தான் அளக்க வேண்டும். மைக்கிலிருந்தோ மிக்ஸர் மேசையிலிருந்தோ அல்ல. அதுவரை சரி. கருவியில் 60.0 என்று வைத்தேன். திரையில் பளிச்சென்று 60.0. மீட்டர் என்று நினைத்துக்கொண்டேன். அது மில்லிசெகண்ட். ஓரத்தில் கடுகளவு விளக்கு ஒன்று அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, பகல் வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை. 60 மில்லிசெகண்ட் என்றால் 21 மீட்டர்தான். மிச்சம் 112 மில்லிசெகண்ட் முந்திக்கொண்டு பெட்டி பேசியது. பெரியவர் இரண்டு ஆளாகக் கேட்டது இந்த 112ஐத்தான்.

இப்போதெல்லாம் அந்தக் கருவியை மில்லிசெகண்டில் மட்டும்தான் வைக்கிறேன். அடி, மீட்டர், வீடியோ ஃப்ரேம் என்று எதில் வேண்டுமானாலும் காட்டும் வசதி உண்டு. ஆனால் மீட்டரில் காட்டும்போது கருவி தனக்குத் தெரிந்த ஒரு வெப்பநிலையை மனதில் வைத்துக்கொண்டு காட்டுகிறது. கருவி பிறந்த ஊர்க் குளிர் நம் சித்திரைக்கு எப்படிப் பொருந்தும்?

அன்றே இன்னொன்றும் நடந்தது, அதை மாமாவிடம்கூட உடனே சொல்லவில்லை. மாலை வயர் கோக்கும்போது மிக்ஸரின் மெயின் அவுட்டைக் கருவிக்குள் விட்டு, கருவியின் வெளியீட்டிலிருந்து எல்லாப் பெட்டிக்கும் பிரித்துவிட்டேன். மேடைப் பெட்டியும் பின்பெட்டியும் ஒன்றாகத் தாமதமாயின. 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று மேடையில் நின்று சொன்ன பையனுக்குத் தன் குரலே பின்னால் வந்து திக்கலெடுத்தது. உடனே பிரித்து மாற்றினேன். மேடைப் பெட்டிக்குப் போகும் வழியில் கருவியே வரக் கூடாது. மிக்ஸரில் பின்பெட்டிக்கென்று தனியாக ஒரு வெளியீடு எடுக்க வேண்டும். அது மெயின் ஃபேடருக்குப் பின்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் மேடைச் சத்தத்தைக் குறைக்கும்போது பின்பெட்டி மட்டும் கத்திக்கொண்டே இருக்கும். அந்த ஒரு வெளியீட்டை இரண்டாகப் பிரித்துக் கருவியின் ஏ சானலுக்கும் பி சானலுக்கும் கொடுக்கிறேன். ஏ போவது 60 மீட்டர் பெட்டிகளுக்கு. பி அதற்கும் பின்னால், 110 மீட்டரில், சாலையோரம் நின்று கேட்கிறவர்களுக்கான பெட்டிகளுக்கு. ஏ 172, பி 315.

கருவியில் 'இணை' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஏ-யில் வைப்பது பி-யிலும் ஏறிவிடும். மைதான வேலைக்கு அது எதிரி. ஆனால் அரங்கத்துக்குள் வேறு கதை. மேடையில் தவில் வாசிக்கிறார்கள் என்று வையுங்கள். தவிலுக்கு மைக் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அதன் சத்தம் நேராகவே முன்வரிசைக்கு வந்துவிடும். மெயின் பெட்டிகள் தவிலுக்கு 3 மீட்டர் முன்னால் நின்றால், பெட்டிச் சத்தம் 9 மில்லிசெகண்ட் முந்தும். கலைஞர் நடுவில் வாசிக்க, சத்தம் பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். இடது, வலது இரண்டையும் இணைத்து 9, 10 என்று பின்னால் தள்ளினால் தவில் மறுபடி தவில் இருக்கிற இடத்துக்கே போய்விடும். செய்து பாருங்கள், சின்ன வித்தை, பெரிய சுகம்.

வயரிங் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. 60 மீட்டர், 110 மீட்டர் என்று சிக்னலை இழுக்கும்போது மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிள்தான். இரண்டு கம்பி உள்ள சாதாரண வயர் வழியில் இருக்கிற சீரியல் லைட் இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். அங்கே உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுத்தால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்கலாம். அதற்கு நடுவில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்று போட வேண்டும். சிலர் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டு "உறுமல் போச்சு" என்பார்கள். உறுமல் போகும், ஒரு நாள் ஆளும் போய்விடுவான். மழைக்கால மைதானத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

உள்ளே விடும் அளவும் முக்கியம். கருவியின் முகப்பில் பச்சை விளக்கு சுகமாக மினுங்க வேண்டும். பேச்சாளர் உச்சக்குரலில் கத்தும்போதுகூடச் சிவப்பு தொடக் கூடாது. பழைய ஆம்ப்ளிஃபயர் கொஞ்சம் மிஞ்சினால் கரகரக்கும், அவ்வளவுதான். எண்ணாக்கும் கருவி மிஞ்சினால் அலையின் தலையைச் சீவிவிடும். அந்தச் சத்தம் தகரத்தைக் கிழிப்பது போலிருக்கும். ரொம்பக் குறைவாக விட்டாலும் பிறகு ஏற்றும்போது 'ஸ்ஸ்' என்று இரைச்சல் சேர்ந்து ஏறும்.

இனிதான் விஷயத்தின் ருசியே.

172 என்று கணக்குப் போட்டு வைத்தாகிவிட்டது. மேடைச் சத்தமும் பின்பெட்டிச் சத்தமும் ஒரே நேரத்தில் வந்துசேரும். வேலை முடிந்ததா? அங்கே போய் நின்று கேட்டால் இரண்டு ஆள் ஒருவராகிவிட்டார், உண்மைதான். ஆனால் அந்த ஒருவர் பின்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்! கண் மேடையைப் பார்க்கிறது, காது பக்கத்துப் பெட்டியைக் காட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் சனம் மேடையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிடும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949இல் தன் ஆய்வேட்டில் இதைத்தான் சோதித்தார். ஒரே பேச்சு இரண்டு பெட்டிகளிலிருந்து சிறு இடைவெளியில் வந்தால், முதலில் வந்ததைத்தான் காது 'இங்கிருந்து வருகிறது' என்று குறித்துக்கொள்கிறது. சுமார் 30 மில்லிசெகண்டுக்குள் பின்னால் வருவதைத் தனிக்குரலாகப் பிரிப்பதில்லை, முதல் குரலோடு சேர்த்துக்கொள்கிறது. இரண்டாவது 10 டெசிபல் வரை உரக்க இருந்தாலும் காது ஏமாந்தே போகிறது. முதலில் வாசல்மணி அடித்தவருக்குத்தான் திண்ணை. பின்னால் வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கூட வந்தவர் கணக்கில்தான் சேர்வார்.

ஆக, 172உடன் இன்னும் 15 சேர்த்து 187 ஆக்கினேன். மேடைச் சத்தம் மெலிசாக முதலில் வந்து தொடும். 15 மில்லிசெகண்ட் கழித்துப் பின்பெட்டி அதற்கு உடம்பு கொடுக்கும். காது மேடையையே நம்பும். 10 முதல் 20க்குள் எவ்வளவு என்பது இடத்தைப் பொறுத்தது. அதிகம் சேர்த்தால் மறுபடி இரண்டு குரல் எட்டிப்பார்க்கும்.

அந்த எண்ணை நான் உட்கார்ந்து வைப்பதில்லை, நடந்து வைக்கிறேன். மிக்ஸரில் ஒரு பையன், மேடை மைக்கில் ஒரு பையன். மேடைப் பையன் கையில் ஜால்ரா. 'ஒன் டூ த்ரீ' சொல்லிப் பார்ப்பதைவிட ஜால்ரா பத்து மடங்கு மேல். அதன் தொடக்கம் ஊசி முனை மாதிரி, இரண்டாக இருந்தால் இரண்டு என்று பச்சையாகத் தெரியும். பின்பெட்டிக்கு 10 மீட்டர் முன்னால், சனம் உட்காரும் இடத்தில் நிற்பேன். 'ணிங்... ணிங்' என்று இரண்டாகக் கேட்பதை, போனில் "ஏத்து, ஏத்து, இன்னும் அஞ்சு" என்று சொல்லிச் சொல்லி நெருக்கி ஒரு 'ணிங்' ஆக்க வேண்டும். ஆனதும் 15 சேர்க்கச் சொல்வேன். பிறகு பின்பெட்டியின் சத்தத்தை, அது பேசுகிறது என்று தெரியத் தொடங்கும் இடம்வரை ஏற்றி, அங்கிருந்து ஒரு சுண்டு குறைப்பேன். இப்போது கணினியில் அளக்கும் மென்பொருள்களெல்லாம் இருக்கின்றன. மைக்கை வைத்தால் இத்தனை மில்லிசெகண்ட் என்று திரையில் சொல்லிவிடும். நல்லதுதான். ஆனாலும் அளந்த பிறகு நடக்காதவனை நான் நம்ப மாட்டேன்.

நடந்தால்தான் இன்னொரு சிக்கல் தெரியும். பின்பெட்டிக்கும் மேடைக்கும் நடுவில், பெட்டியின் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் பாவம். பெட்டியிலிருந்து மேடைப் பக்கமாக 15 மீட்டரில் ஒருவர் இருக்கிறார். மேடைச் சத்தம் அவருக்கு 45 மீட்டரில் வந்துவிட்டது. பின்பெட்டியின் முதுகில் கசிவதோ 60 மீட்டர் காத்திருந்து, பிறகு 15 மீட்டர் திரும்பி வருகிறது. 30 மீட்டர் வித்தியாசம், சேர்த்த 15உம் உண்டு. மொத்தம் 100 மில்லிசெகண்ட். அவர் முதுகில் யாரோ முணுமுணுப்பது போலிருக்கும். எந்தத் திருகாலும் இதைத் தீர்க்க முடியாது, முன்னாலும் பின்னாலும் ஒரே எண் பொருந்தாது. பெட்டியின் முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து, அதில் அடித்தொண்டைச் சத்தத்தை வெட்டிவிட வேண்டும். பேச்சுக்கு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பின்பெட்டியில் தேவையில்லை, முதுகுப் பக்கம் அதிகம் கசிவதும் அதுதான். பேஸ் இல்லையே என்று மாமா முகம் சுளித்தார். அது மேடையிலிருந்தே தாராளமாக வந்து சேரும் என்று காதால் கேட்ட பிறகுதான் சமாதானமானார்.

வெப்பம் மாறினால் எண் மாறாதா என்று ஒரு நண்பர் கேட்டார். மாறும். சாயங்காலம் 35 டிகிரி இருந்தால் 60 மீட்டருக்கு 170 மில்லிசெகண்ட். நடுச்சாமம் 25 டிகிரிக்கு இறங்கினால் 173. மூன்றே மில்லிசெகண்ட். கூடுதலாகச் சேர்த்த 15 அதைத் தாங்கிக்கொள்ளும். 110 மீட்டரில் 5 வரை போகும், அதையும் தாங்கும். ஒலி சாயங்காலத்தைவிட ராத்திரியில் மெதுவாக நடக்கிறது என்பதை எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்படலாம், திருக வேண்டியதில்லை.

உண்மையான எமன் கரண்ட் கட்தான். எங்கள் கருவியில் மின்சாரம் போனால் உள்ளே ஒரு ரிலே விழுந்து, உள்ளே வருவதை அப்படியே வெளியே இணைத்துவிடும். நிகழ்ச்சி நின்றுவிடக் கூடாது என்கிற நல்லெண்ணம். ஆனால் அந்த நேரத்தில் தாமதம் பூஜ்யம். ஜெனரேட்டருக்கு மாறும் சில வினாடி அப்படிப் போனால் போகட்டும். ஆனால் ஒரு தடவை கரண்ட் வந்த பிறகும் எங்கள் கருவி 0.0 என்று பச்சைப்பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றது. உள்ளே எண்களை நினைவில் வைத்திருக்கும் குட்டி பேட்டரி செத்திருந்தது. பழைய சாமான் வாங்கினால் இதெல்லாம் உண்டு. பேட்டரியை மாற்றினேன். அதோடு, எந்த நிகழ்ச்சிக்கு எந்த எண் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கருவியின் நெற்றியிலேயே ஒட்டிவிடுகிறேன். பொத்தான்களைப் பூட்டும் வசதி இருப்பதால் எல்லாம் வைத்து முடித்ததும் பூட்டும் போட்டுவிடுகிறேன். மிக்ஸர் மேசையில் டீ கிளாஸ் வைக்க வருகிற கை எதையாவது தட்டாமல் இருக்காது.

எல்இடி திரை வந்த பிறகு ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. கேமராவில் பிடித்துத் திரையில் காட்டுவதற்குள் இரண்டு மூன்று ஃப்ரேம் தாமதமாகிவிடும். நம் ஊர்க் கணக்கில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். முன்வரிசையில் இருப்பவருக்குச் சத்தம் முதலில் வந்து, திரையில் உதடு பிறகு அசையும். சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தினால் 125 வரை கண்டுகொள்வதில்லை என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று சொல்கிறது. படித்துறைப் பழக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும், சத்தம் பிந்தி வருவது நமக்கு இயற்கை. ஆனால் கடைசி வரிசைக்காரருக்கு ஏற்கெனவே சத்தம் 172 பிந்தித்தான் வருகிறது. திரை 100 பிந்தினால் அவருக்கு உதடும் குரலும் நெருங்கிவிடுகின்றன. கொடையில் திரையை ஒழுங்காக ரசிக்கிறவர் கடைசி வரிசைக்காரர்தான். பாவம், வேறு எதுவும் அவருக்குச் சாதகமாக நடந்ததில்லை.

சரி, அந்த முதல் நாள் எப்படி முடிந்தது? பெரியவர் கேட்டதும் ஓடிப்போய் அந்தக் கடுகளவு விளக்கைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, பின்சானலை ஊமையாக்கி, 187 வைத்துத் திறந்தேன். பி சானலுக்கும் அதேபோல் 330. திரும்பிப் போய்ப் பெரியவரிடம், "இப்ப எப்படி இருக்கு, தாத்தா?" என்றேன். "இப்பம் ஒருத்தருதான் பேசுதாரு" என்றார். மேடையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பட்டிமன்றம் முடிந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். விழாக் கமிட்டிப் பொருளாளர் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, பின்னால வச்ச நாலு பொட்டிக்கும் வாடகை போட்டிருக்கிய. நான் அது பக்கத்துலதான் அரை மணி நேரம் நின்னேன். ஒண்ணுலயும் சத்தமே வரலியே? மேடையிலேருந்துதான கேட்டுச்சு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மிக்ஸருக்குப் போய், மேடையில் நன்றியுரை ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின்சானல் இரண்டையும் மூன்று வினாடி அணைத்தேன். மைதானத்தின் பின்பாதி மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்து "மைக்கு, மைக்கு" என்று கத்தியது. திறந்துவிட்டேன். பொருளாளர் ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஒரு பெட்டிக்கு உரிய காசை மட்டும் ஞாபகமாகக் குறைத்துக்கொண்டார்.

வண்டியில் சாமான் ஏற்றும்போது மாமா சொன்னார்: "மருமவனே, அடுத்த கொடைக்கு அந்தப் பின்பொட்டி எல்லாத்துலயும் ஒரு செவப்பு பல்பை மாட்டு. எரிஞ்சாத்தான் நம்புவானுவ."